மோட்டார் சைக்கிள் சைலன்சர் மாற்றம்

மோட்டார் சைக்கிள் சைலன்சர் மாற்றம் என்பது தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சைலன்சரை அகற்றியோ அதன் உட்பகுதியைத் திருத்தியோ வண்டியின் ஒலி, எடை, இழுவை ஆகியவற்றை மாற்ற முயல்வதாகும். தமிழ்நாட்டில் வெல்டிங் பட்டறைகளில் இது குறைந்த செலவில் செய்யப்படுகிறது. 1955 இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட், 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான யமாகா ஆர்எக்ஸ் 100 ஆகியவை இத்தகைய மாற்றங்களுக்குப் பெயர் பெற்றவை.

செயற்பாடு

சைலன்சரினுள் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் உள்ளன. எஞ்சினிலிருந்து வரும் அழுத்த அலைகள் இவற்றில் மோதிச் சிதறுவதால் ஒலி குறைகிறது. இத்தகடுகளை வெட்டி எடுப்பதே மிக மலிவான மாற்றமாகும். இதனால் ஒலி பெருகும். திறனும் பெருகியதாகத் தோன்றுவது பெரும்பாலும் காதின் மயக்கமே. கார்புரேட்டர் உள்ள வண்டியில் புகை தடையின்றி வெளியேறினால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையக்கூடும். அதற்கேற்ப மெயின் ஜெட்டை மாற்றாவிடில் எஞ்சின் மிகையாகச் சூடேறும்.

ஆர்எக்ஸ் 100 போன்ற இருவீச்சு (டூ ஸ்ட்ரோக்) வண்டிகளில் இழப்பு இன்னும் கூடுதல். இவற்றில் சைலன்சர் எஞ்சினின் ஓர் உறுப்பு போலவே இயங்குகிறது. குழாயின் விரியும் பகுதி எரிந்த வளிமத்தை உறிஞ்சுகிறது. பின்னர்க் குறுகும் பகுதி திருப்பியனுப்பும் அலை, தப்பியோடும் புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பந்தய வண்டிகளுக்காக இம்முறையை 1950களில் மேம்படுத்தியவர் கிழக்கு செருமனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்ட்டர் காடன். குழாயின் நீளத்தை அளவறியாது வெட்டினால் அலை தவறான நேரத்தில் திரும்பி, இழுவை குறையும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் நிலை 6 விதிகளுக்கேற்ப உருவான வண்டிகளில் வினையூக்கி மாற்றியும் ஆக்சிசன் உணரியும் உள்ளன. வினையூக்கி மாற்றியை நீக்கினால் நச்சு வளிமங்கள் மாற்றமின்றி வெளியேறும்.

குறைந்த செலவில் தவறின்றிச் செய்யக்கூடியவை சிலவே: துருப்பிடித்த துளையைப் பற்றவைத்து அடைத்தல், கசியும் கேசுகட்டை மாற்றுதல், கண்ணாடிக் கம்பளி வைத்த சைலன்சராயின் அதனைப் புதுப்பித்தல்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம் (1988) நடுவண் சட்டமாதலால் சென்னைக்கும் குடுமியான்மலை போன்ற சிற்றூருக்கும் விதி ஒன்றே. 175 கன செ.மீ.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல் ஆகும். 2019 திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பறிமுதலான சைலன்சர்களைச் சாலை உருளையால் நசுக்கும் நடவடிக்கையும் இந்திய நகரங்கள் சிலவற்றில் மேற்கொள்ளப்பட்டுள்ளது.