ஓடாத ஆற்றுக்கு எழுதாத கணக்கு

மதுரையில் தண்ணீரைச் சோதித்தே சம்பளம் வாங்கியவன் நான். ஆற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் உண்டா என்று பார்க்க, போத்தலில் பிடித்த உடனே கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் விடுவோம். பழுப்பாகத் திரிந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை. 1888இல் விங்க்லர் கண்டுபிடித்த முறை இது. கோடையில், சாக்கடை சுமக்கும் பந்தல்குடி வாய்க்கால் வைகையில் விழும் இடத்துப் போத்தல் வெள்ளையாகத்தான் நிற்கும்.

போத்தல் இந்த நிமிடத்தைத்தான் சொல்லும். இரண்டு நாள் கழித்து, பத்து மைல் கீழே தண்ணீர் எப்படியிருக்கும் என்பதற்குக் கணக்கு வேண்டும். அதை 1925இல் அமெரிக்காவின் ஓஹியோ ஆற்றை ஆராய்ந்து எழுதியவர்கள் ஸ்ட்ரீட்டரும் பெல்ப்ஸும். சாக்கடையைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. காற்றிலிருந்து புது வரவு கரைகிறது. செலவு முந்தும்வரை ஆக்சிஜன் இறங்கும். வரவு முந்தியதும் ஏறும். எந்த இடத்தில் அடிமட்டம் என்பதே அவர்கள் சமன்பாடு தரும் விடை.

1970 வாக்கில் டெக்சாஸில் அந்தக் கணக்கு கணினியில் ஏறியது. குவால் என்ற நிரல் ஆற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வந்ததையும் போனதையும் கூட்டிக் கழித்தது. அதன் வாரிசான குவால்2கே எக்செல் தாளிலேயே ஓடும். டெல்லி யமுனைக்கும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊர் வெயிலைச் சொன்னால் நிரல் கடுமையாகவே பதில் சொல்லும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான். கழிவு சிதையும் வேகமோ ஒன்றரை மடங்குக்கு மேல்.

ஆனால் நிரல் முதலில் கேட்பது வேறு: மேலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது? வைகை என்றைக்கும் பருவ மழையை நம்பிய ஆறு. வந்ததைக் கால்வாய்களும் கண்மாய்களும் வாங்கிக்கொண்டன. 1895இல் பெரியாறு அணை முடிந்து மலைக்கு அப்பாலிருந்து தண்ணீர் வந்தது. அதையும் மதுரைக்கு மேலே பேரணையிலேயே கால்வாய் மேலூர்ப் பக்கம் கொண்டுபோனது. 1959இல் வைகை அணை வந்தபின் மதகுதான் ஆற்றின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழாவுக்கே அணையிலிருந்து தண்ணீர் விடவேண்டியிருக்கிறது. சாக்கடை மட்டும் நாள் தவறுவதில்லை.

1912இல் பிரிட்டனின் கழிவுநீர் ஆணையம் ஒரு வரம்பு வைத்தது. சுத்திகரித்த கழிவுநீரின் உயிரிய ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் கேட்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருக்கலாம். ஆனால் குறைந்தது எட்டு மடங்கு ஆற்றுநீர் அதனுடன் கலக்க வேண்டும். ஆற்றுநீரின் தேவை 2 என்று வைத்தால், எட்டு பங்குக்கு 16, கழிவின் ஒரு பங்குக்கு 20, ஆக 36. ஒன்பதால் வகுத்தால் 4. நிபந்தனையை விட்டுவிட்டு 20 என்ற எண்ணை மட்டும் கடன் வாங்கினால், வறண்ட வைகையில் எட்டு பங்கு பூஜ்யம், விடை 20. குளிக்கத் தக்க ஆற்றுக்கு நம் நாட்டு வரம்பு 3.

எந்தக் கணினியும் இதை மாற்றிச் சொல்லாது. ஒன்று, கோடையிலும் ஆற்றுக்கென்று மதகில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் வாய்க்கால் வாயில் விழும் நீரே 3க்குள் இருக்க வேண்டும். ஓஹியோவில் ஆற்றுநீரே செய்த வேலையை இங்கே சுத்திகரிப்பு நிலையம்தான் செய்தாக வேண்டும்.