லான்ட்மாஸ்டர்: திருப்பு லீவர்களைச் சரிசெய்தல்

யாழ்ப்பாணத்தில் லான்ட்மாஸ்டர் என்று அழைக்கப்படும் இருசில்லு உழவு இயந்திரம், குடாநாட்டின் வயலிலும் மணல் ஒழுங்கையிலும் தார்வீதியிலும் ஓடும் வாகனம். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) 1950களில் வடிவமைத்து, இங்கிலாந்தின் நொட்டிங்காமில் தயாரான இயந்திரத்தின் பெயரே பின்னர் வந்த யப்பானிய, சீன இயந்திரங்களுக்கும் நிலைத்துவிட்டது. காலபோகத்தில் தென்மராட்சி வயல்களில் இரும்புச் சில்லுடன் சேற்றை உழும். ரயர் மாட்டி இழுவைப்பெட்டியைக் கொழுவினால், வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் வெங்காயமும் மரக்கறியும் சுன்னாகம், திருநெல்வேலிச் சந்தைகளுக்கு இதில்தான் போகும். 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதானபோது, உள்ளதை வீட்டிலேயே திருத்தி ஓட்டும் கைப்பழக்கம் இங்கு வலுப்பட்டது. திருப்பு லீவர்களைச் சரிசெய்வது அப்படி வீட்டில் செய்யக்கூடிய வேலைகளுள் ஒன்று.

காருக்கு உள்ளதுபோன்ற ஸ்டியரிங் பெட்டி இதற்குக் கிடையாது. கைபிடிகளின் கீழ் இரண்டு லீவர்கள் இருக்கும். இடது லீவரை அழுத்தினால் கேபிள் அல்லது கம்பி இழுபட்டு, கியர்பெட்டிக்குள் இடது சில்லுக்குரிய பற்சக்கரம் விலகும். அந்தச் சில்லு இயக்கம் இழக்க, வலது சில்லு தள்ளுவதால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். விட்டதும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் பற்களை மறுபடி கொழுவவைக்கும்.

லீவரில் சிறிது தளர்வு இருக்கவேண்டும். தளர்வு மிகுந்தால் பற்கள் முழுதாக விலகா. ஓட்டுபவர் உடற்பலத்தால் கைபிடியைத் தள்ளித் திருப்பவேண்டிவரும். தளர்வே இல்லாவிட்டால் கேடு இன்னும் பெரிது. பற்கள் பாதி மட்டுமே கொழுவி நிற்பதால் பாரம் ஏறியதும் நழுவும். நாளடைவில் அவற்றின் முனைகள் மழுங்கிவிடும். எவ்வளவு தளர்வு என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கைநூலில் உள்ள அளவையே எடுக்கவேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பது முக்கியம்.

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெட்டியைக் கழற்றிவிட்டு, சில்லுகளுக்கு அண்டை கொடுக்கவேண்டும். கேபிள் முனையில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மீண்டும் பூட்ட இரண்டு ஸ்பனர்கள் போதும். பிறகு சோதிக்க, எஞ்சின் அணைந்தபடியே கியரில் போட்டு, மெயின் கிளச்சைப் பிடிக்காமல், ஒரு பக்கத்தை ஜக்கில் உயர்த்தவேண்டும். லீவரை விட்டிருக்கையில் சில்லு கைக்கு மசியக்கூடாது. அழுத்தியதும் தாராளமாகச் சுழலவேண்டும்.

நேராக ஓடாமல் ஒரு பக்கம் இழுக்கும் இயந்திரத்துக்கும் பலர் கேபிளையே முறுக்குகிறார்கள். அது வீண் வேலை. இந்த இயந்திரங்களில் டிஃபரன்ஷியல் இல்லாததால் இரு சில்லுகளும் ஒரே வேகத்திலேயே சுழலும். காற்றுக் குறைந்தோ தேய்ந்தோ ஒரு ரயரின் சுற்றளவு சிறுத்தால், இயந்திரம் அந்தப் பக்கமே சாயும். ஆகவே முதலில் பார்க்கவேண்டியவை காற்று, ரயரின் தேய்வு, சில்லுகள் மையத்திலிருந்து சம தூரத்தில் பூட்டப்பட்டுள்ளனவா என்பவை. பெட்டியைக் கொழுவும் ஊசி தேய்ந்திருந்தாலும் கைபிடி அலையும். ஊசியை மாற்றுவது மலிவு.

வடமராட்சி கிழக்கின் கடற்கரை மணலிலும் தொண்டைமானாற்று உவர்நீரோரமும் ஓடும் இயந்திரங்களில் கேபிள் விரைவில் துருப்பிடித்து இறுகும். நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, கேபிளுக்கு எண்ணெயும் மூட்டுகளுக்குக் கிறீஸும் இடவேண்டும். செம்மண் தூசு கலந்த பழைய கிறீஸ் உலோகத்தை அராவும். அதைத் துடைத்த பிறகே புதியது பூசவேண்டும்.

உயிராபத்து உள்ள இடம் இறக்கம். குடாநாடு தட்டை நிலம்தான் என்றாலும் மதகு, குளக்கட்டு, வயலுக்கு இறங்கும் சரிவு எங்கும் உண்டு. அங்கே பாரமேற்றிய பெட்டி பின்னாலிருந்து தள்ளும். இயக்கத்தில் உள்ள சில்லை எஞ்சின் பிடித்துவைக்க, விடுபட்ட சில்லு முந்தி ஓடும். அதனால் இறக்கத்தில் இடது லீவரை அழுத்தினால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எஞ்சினின் பிடிப்பே அற்றுப்போகும். இறக்கத்தில் லீவர்களைத் தொடாமல், குறைந்த கியரில், கைபிடியாலேயே திருப்புவதுதான் பாதுகாப்பு.

கேபிளைச் சரிசெய்த பின்னும் பற்கள் நழுவினால் தேய்வு கியர்பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் திறப்பது கராஜ் வேலை. அதுவரை அந்த இயந்திரத்தில் பெட்டியைக் கொழுவி ஆட்களை ஏற்றக்கூடாது.