கடிகார முள்ளில் தொங்கியவரின் வலது கை

கோட்டு சூட்டு போட்ட ஒரு ஆள். கண்ணில் வட்டக் கண்ணாடி. எங்கோ உச்சியில் ஒரு பெரிய கடிகாரத்தின் முள்ளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார். காலுக்குக் கீழே ரொம்ப தூரத்தில் தெரு, எறும்பு மாதிரி கார்கள். இந்தக் கறுப்பு வெள்ளை ஸ்டில்லை எங்கேயாவது கட்டாயம் பார்த்திருப்பீங்க. படம் 'சேஃப்டி லாஸ்ட்', 1923-ல் வந்தது. 'ப்ராஜெக்ட் ஏ'யில் ஜாக்கி சான் கடிகார கோபுரத்திலிருந்து விழும் காட்சிக்கு இதுதான் மூலம். 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தின் ஆரம்பத்தில் வரிசையாகக் கடிகாரங்களைக் காட்டுவாங்களே, அதில் ஒன்றில் இதே ஆள் குட்டி பொம்மையாகத் தொங்கிக்கொண்டிருப்பார்.

ஆள் பெயர் ஹெரால்ட் லாயிட். ஸ்டில்லைத் தெரிந்த அளவுக்குப் பெயரைத் தெரிந்தவர்கள் கிடையாது. அந்த முள்ளைப் பிடித்திருக்கும் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை என்பது தெரிந்தவர்கள் இன்னும் குறைவு.

லாயிட் 1893-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் பர்ச்சர்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். சினிமாவில் ஆரம்ப காலத்தில் அவர் செய்துகொண்டிருந்தது அப்பட்டமான சாப்ளின் காப்பி. 'லோன்சம் லூக்' என்று ஒரு பாத்திரம். சாப்ளினுக்குத் தொளதொள பேண்ட் என்றால் லூக்குக்கு இறுக்கமான பேண்ட். வித்தியாசம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். படங்கள் ஓடின, ஆனால் லாயிட்டுக்கே அது பிடிக்கவில்லை. 1917-ல் அதை மூட்டை கட்டிவிட்டு ஒரு வட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிரேம் மட்டும்தான், லென்ஸ் கிடையாது. ஸ்டூடியோ வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் என்பதால்.

மாற்றம் என்று பார்த்தால் ஒரு கண்ணாடி பிரேம்தான். ஆனால் அதோடு கோமாளி வேஷமே போய்விட்டது. ஒட்டு மீசை இல்லை, கிழிசல் உடை இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி, வேலைக்குப் போய் முன்னுக்கு வரத் துடிக்கிற ஒரு சாதாரண ஆள். சூப்பர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஷஸ்டர், கிளார்க் கென்ட்டில் ஹெரால்ட் லாயிட்டின் சாயல் உண்டு என்று சொல்லியிருக்கிறார். கண்ணாடியைப் போட்டால் சாது, கழற்றினால் வேறு ஆள் என்ற விஷயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று பார்த்தால் புரியும்.

இந்தக் கண்ணாடிப் பையன் நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில்தான் அது நடந்தது. 1919 ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் விளம்பரப் படம் எடுக்கிறார்கள். கையில் ஒரு குண்டு, அதன் திரியில் எரிகிற நெருப்பில் சிகரெட் பற்றவைப்பதுபோல் போஸ். குண்டு டம்மி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, அது உண்மையிலேயே வெடித்தது. வெடிக்கும் கணத்தில் கை முகத்தைவிட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்ததால் உயிர் பிழைத்தார். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. முகம் முழுக்கத் தீக்காயம். பார்வை திரும்புமா என்பதே கொஞ்ச நாள் கேள்விக்குறியாக இருந்தது. அப்போது வயது 26.

பார்வை திரும்பியது. காயங்கள் ஆறின. சில மாதங்களில் படப்பிடிப்புக்கும் திரும்பிவிட்டார். விபத்தால் பாதியில் நின்ற 'ஹாண்டட் ஸ்பூக்ஸ்' படம் 1920-ல் வெளியானது. ஒரே படத்தில் சில காட்சிகளில் பத்து விரல், சில காட்சிகளில் எட்டு. எது எதுவென்று கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. காரணம், தோல் நிறத்தில் செய்த ஒரு கையுறை. இல்லாத இரண்டு விரல்களின் இடத்தில் செயற்கை விரல்கள் அதில் இருந்தன. அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் அந்தக் கையுறையோடுதான் நடித்தார்.

இப்போது 'சேஃப்டி லாஸ்ட்'டுக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸில் பில் ஸ்ட்ரோதர் என்பவர் வெறும் கையால் ஒரு கட்டடத்தின் மேல் ஏறுவதை லாயிட் பார்த்தார். பார்க்கவே பயந்து தெருமுனைக்குப் போய்விட்டு, அங்கிருந்து அவ்வப்போது எட்டி எட்டிப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பதற்றத்தை அப்படியே பார்வையாளர்களுக்குக் கடத்த வேண்டும், அதில் சிரிக்கவும் வைக்க வேண்டும். படத்தின் விதை இதுதான். ஸ்ட்ரோதரையே நண்பனாக நடிக்க வைத்தார்கள். கதைப்படி கடைக்கு விளம்பரமாகக் கட்டடம் ஏற வேண்டியது அந்த நண்பன். ஒரு போலீஸ்காரர் அவனை விடாமல் துரத்துவதால், 'அடுத்த மாடியிலிருந்து நான் பார்த்துக்கிறேன்' என்ற வாக்குறுதியை நம்பி நம்ம ஆள் மாடி மாடியாக ஏறிக்கொண்டே போகிறார்.

எடுத்த விதம் ஒரு எஞ்சினியருக்குப் பிடிக்கும். உண்மையான கட்டடங்களின் மொட்டை மாடியில், விளிம்பை ஒட்டிக் கடிகாரத்தோடு ஒரு போலிச் சுவரைக் கட்டினார்கள். மொட்டை மாடி தெரியாமல், சுவரும் அதற்கு அப்பால் ஆழத்தில் உள்ள நிஜத் தெருவும் மட்டும் தெரியும் கோணத்தில் கேமராவை வைத்தார்கள். கதையில் ஆள் மேலே போகப் போக, செட்டை இன்னும் உயரமான கட்டடத்துக்கு மாற்றினார்கள். பின்னால் தெரியும் தெருவும் டிராமும் கூட்டமும் எல்லாம் நிஜம். கீழே மெத்தை போட்ட மேடை இருந்தது, உண்மைதான். ஆனால் அதைச் சோதிக்க ஒரு பொம்மையைப் போட்டுப் பார்த்தபோது அது மெத்தையில் பட்டு எகிறித் தெருவுக்கே போய்விட்டதாக லாயிட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாதுகாப்பு ஏற்பாடே பெயிலான டெஸ்ட் இது. அதற்கப்புறமும் படப்பிடிப்பு நடந்தது.

எல்லா ஸ்டன்ட்டையும் அவரே செய்தார் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து எடுத்த ஷாட்களில் ஏறுவது ஸ்ட்ரோதர். சில இடங்களில் தானும் டூப் போட்டதாக ஹார்வி பேரி என்ற ஸ்டன்ட் கலைஞர், லாயிட் இறந்த பிறகு சொன்னார். உடனே 'அப்ப எல்லாம் டுபாக்கூரா' என்று கிளம்பிவிடக் கூடாது. கடிகார முள்ளில் முகம் தெரியத் தொங்குவது லாயிட்தான். கட்டைவிரல் இல்லாத கையால் ஒரு கம்பியைப் பிடித்து உடம்பைத் தாங்குவது என்றால் என்ன என்று தெரிய, பஸ் கம்பியைக் கட்டைவிரல் படாமல் ஒரு தடவை பிடித்துப் பாருங்க. ஓடாத பஸ்ஸில்.

இதை அவர் ஏன் விளம்பரமாக்கவில்லை? இன்றைக்கு என்றால் ட்ரெய்லரிலேயே வந்திருக்கும். என் கணிப்பு, அது தன்னடக்கத்தை விடத் தொழில் புத்திதான். அந்தக் கை தெரிந்துவிட்டால் தியேட்டரில் சிரிப்பு நின்று 'ஐயோ பாவம்' வந்துவிடும். சாப்ளின் படத்தில் பரிதாபத்துக்கு இடம் உண்டு. லாயிட்டின் பையன் எந்த நிலையிலும் பரிதாபத்துக்குரியவன் இல்லை, அவன் ஜெயிக்கப் பிறந்தவன்.

ஜெயிக்கவும் செய்தார். 1920களில் சாப்ளின் நான்கு முழுநீளப் படங்கள்தான் தந்தார். லாயிட் 1921-லிருந்து 1928-க்குள் பதினொன்று. மொத்த வசூலில் சாப்ளினையே தாண்டினார். சொந்தக் கம்பெனி தொடங்கியதோடு, படங்களின் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். பெவர்லி ஹில்ஸில் 44 அறைகள் கொண்ட 'கிரீனேக்கர்ஸ்' மாளிகை. அங்கே கிறிஸ்துமஸ் மரத்தை வருடம் முழுக்கக் கலைக்காமல் வைத்திருந்தார்.

ஆனால் அந்த உரிமைதான் அவரை மறக்கவும் வைத்தது. டிவி வந்தபோது, நடுநடுவே விளம்பரம் போட்டுப் படத்தைக் கொத்துவார்கள் என்று எளிதில் கொடுக்க மறுத்தார். சாப்ளினும் கீட்டனும் புதிய தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்த வருடங்களில் லாயிட் பெட்டகத்துக்குள் இருந்தார். அந்தப் பெட்டகமும் 1943-ல் தீப்பிடித்தது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஆரம்ப காலப் படங்கள் பல அதில் போயின. 1962-ல் அவரே காட்சிகளைத் தொகுத்து ஒரு படம் வெளியிட்டார். 1971-ல் காலமானார்.

நடிப்பை விட்டபின் செய்த இரண்டு வேலைகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனைகளை நடத்தும் ஷ்ரைனர்ஸ் அமைப்பின் தலைவர் பதவி, 1949-ல். இன்னொன்று முப்பரிமாண புகைப்படம். மர்லின் மன்றோ உட்பட லட்சக்கணக்கில் எடுத்துக் குவித்தார். 3டி படத்தை ரசிக்க இரண்டு கண்ணும் நன்றாக வேலை செய்ய வேண்டும். 1919-ல் பார்வையே போய்விடுமோ என்று படுத்துக் கிடந்த ஆள் இவர்.

'சேஃப்டி லாஸ்ட்'டின் அமெரிக்கக் காப்புரிமை 2019 ஜனவரி 1-ல் முடிந்துவிட்டது, பார்க்கக் காசு தேவையில்லை. முதல் தடவை கையைத் தேடாமல் படமாகவே பாருங்க. இரண்டாவது தடவை வேண்டுமானால் நிறுத்தி நிறுத்தி வலது கையைக் கவனிக்கலாம். மற்ற விரல்கள் வளைய, அந்த இரண்டு மட்டும் விறைப்பாக நிற்கும். பிடித்திருந்தால் அடுத்தது 1924-ல் வந்த 'கேர்ள் ஷை'. கல்யாணத்தை நிறுத்த கார், டிராம், மோட்டார் சைக்கிள், குதிரை வண்டி என்று மாறி மாறி ஓடும் கடைசித் துரத்தலுக்காகவே பார்க்கலாம்.