இமை அறுவையும் அதன் வீக்கமும்

கண்ணிமையில் கத்தி வைக்கும் மருத்துவம் மிகப் பழையது. இமைமுடி உள்நோக்கி வளைந்து கண்ணை உரசும் நோய்க்குச் சுஸ்ருத சங்கிதையின் உத்தர தந்திரம் அறுவை முறை வகுத்திருக்கிறது. புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் நடுவே வாற்கோதுமை மணியின் வடிவில் தோலை அரிந்தெடுத்து, குதிரை முடியால் தைத்து, தேனும் நெய்யும் தடவ வேண்டும். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, தையல் முடியை அதனுடன் பிணைக்க வேண்டும். புண் ஆறிய பிறகே தையலை எடுக்கலாம். வெட்டுவதில் காட்டிய அக்கறையை ஆற்றுவதிலும் காட்டிய நூல் அது.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்சஸ், தளர்ந்து தொங்கும் மேலிமைத் தோலை அகற்றும் முறையைச் சொல்லி, அளவு மீறினால் கண் மூடாமலே போய்விடும் என்று எச்சரித்தார். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என அழற்சியின் நான்கு அடையாளங்களை எழுதி வைத்தவரும் அவரே. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயினின் கோர்டோபாவில் வாழ்ந்த அல்-சஹ்ராவி வேறொரு வழியையும் குறித்திருக்கிறார்: மிகுதித் தோலை இரண்டு மெல்லிய குச்சிகளுக்கு நடுவே இடுக்கி இறுகக் கட்டினால், இரத்த ஓட்டம் நின்று சில நாட்களில் அது கறுத்து உதிர்ந்துவிடும். மரத்துப்போகச் செய்யும் ஊசி இல்லாத காலத்தில் அந்த நாட்களை நோயாளி கடந்ததை நினைத்தாலே நெஞ்சு பதறும்.

1884இல் கார்ல் கோலர் கொக்கெயினால் கண்ணை மரக்கச் செய்தார். 1901இல் பிரித்தெடுக்கப்பட்ட அட்ரினலினைச் சில ஆண்டுகளுக்குள் மரப்பு மருந்தோடு கலக்கத் தொடங்கினார்கள். இரத்த நாளங்கள் சுருங்கியதால் இரத்தக் கசிவு குறைந்தது. வலியைப் போக்கியதற்கு இணையான கொடை இது. இமையில் கசியும் ஒவ்வொரு துளியும் வீக்கமாகவும் கன்றலாகவும் தங்கிவிடும் அல்லவா?

வீக்கத்தின் காரணமும் அதே காலத்தில்தான் துலங்கியது. ஜப்பானில் மிகாமோ இரட்டை மடிப்பு இமை அறுவையைப் பதிவு செய்த 1896ஆம் ஆண்டிலேயே, நுண்குழாய்களுக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் இடையே நீர் எப்படிப் போய்வருகிறது என்பதை எர்னஸ்ட் ஸ்டார்லிங் லண்டனில் விளக்கினார். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் அடியில் கொழுப்பும் அனேகமாக இல்லை, தளர்ந்த திசுதான். கசியும் நீரைத் தடுக்க அங்கே எதுவும் கிடையாது. வடிகாலான நிணநீர்க் குழாய்கள் பெரும்பாலும் காதின் முன்புறம் நோக்கிச் செல்பவை; கண்ணின் வெளிமுனையில் வெட்டு நீண்டால் அவையும் அறுபட்டு, வீக்கம் வடியத் தாமதமாகும்.

ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்கள் வீக்கம் ஏறுவது இயல்பு. படுத்து எழுந்த காலையில் கூடுதலாகத் தெரியும். கன்றல் கன்னம்வரை இறங்கும். தலையை உயர்த்திப் படுப்பதும், தொடக்க நாட்களில் குளிர் ஒத்தடம் கொடுப்பதும், குனிந்து பாரம் தூக்காதிருப்பதும் இதனால்தான். பெரும்பகுதி இரண்டு வாரத்தில் வடியும். மிச்சம் மறையச் சில மாதங்கள் ஆகலாம்.

ஆனால் எல்லா வீக்கமும் இப்படித் தானாக வடிவதில்லை; கொழுப்பை எடுக்கும் அறுவையில் ஆபத்தும் உண்டு. 1924இல் பாரிஸில் ஜூலியன் பூர்கே கீழிமையின் உட்புறம் வழியாகக் கொழுப்பை எடுத்தார். 1951இல் காஸ்தன்யாரெஸ் இமைக் கொழுப்பின் அறைகளை வரையறுத்தார். தோலை ஒட்டி இல்லாத இக்கொழுப்பு கண்குழியின் ஆழத்தோடு தொடர்புடையது. இழுத்து வெட்டும்போது உள்ளே நாளம் கிழிந்தால், கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்கிப் பார்வை நரம்பை நெரிக்கும். ஒரு கண் மட்டும் திடீரெனக் கல்லாக இறுகி, கடுமையாக வலித்து, பார்வை மங்கினால் அது சாதாரண வீக்கம் அல்ல. உடனே தையலைப் பிரித்து, தேவையானால் இமையின் வெளிமுனையைப் பிடித்திருக்கும் நாரையும் அறுத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் பார்வை தப்பும்.