கோண இருகூறாக்கியும் வட்டத்தின் அளவும்: ஒரு வரலாற்று நோக்கு

முக்கோணியொன்றின் கோணத்தை இருசமகூறிடும் கோடு, அதன் எதிர்ப்பக்கத்தை ஏனைய இரு பக்கங்களின் விகிதத்திற் பிரிக்கும் என்னும் தேற்றம், கேத்திரகணிதம் கற்றோர் யாவரும் அறிந்ததொன்றாகும். மாணவன் அதன் நிறுவலை மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதுகின்றான், பின்னர் மறந்துவிடுகின்றான். அத்தேற்றம் எத்தேவையை நிறைவேற்றியது, எவர் கையில் என்ன வேலையைச் செய்தது என்னும் வினாக்கள் அவன் முன் வைக்கப்படுவது அரிது. அவ்வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரை முற்படுகின்றது. வட்டத்தையும் வானத்தையும் அளக்க மனிதர் மேற்கொண்ட நீண்ட உழைப்பின் கருவியாகவே கோண இருகூறாக்கி விளங்கிற்று என்பதும், கிரேக்கக் கேத்திரகணிதம் கணிப்பு வேலையை விலக்கிய தூய சிந்தனை என்னும் பரவலான கருத்து மீளாய்வுக்கு உரியது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படும்.

1. யூக்கிளிட் வகுத்த அடிப்படை

கி.மு. 300ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூக்கிளிட்டின் ‘மூலகங்கள்’ பதின்மூன்று நூல்களைக் கொண்டது. அதன் முதலாம் நூலின் ஒன்பதாவது கூற்று, வரைகோலும் கவராயமும் கொண்டு ஒரு கோணத்தை இருசமகூறிடும் முறையைக் கூறுகின்றது. நான்காம் நூலின் நான்காவது கூற்றில், முக்கோணியின் இரு கோணங்களின் இருகூறாக்கிகள் சந்திக்கும் புள்ளி உள்வட்டத்தின் மையமாகின்றது. நாம் மேலே குறிப்பிட்ட விகிதத் தேற்றம் ஆறாம் நூலின் மூன்றாவது கூற்றாக இடம்பெறுகின்றது.

அதன் நிறுவல் எளிமையானது. கசட என்னும் முக்கோணியிற் க என்னும் உச்சியிலுள்ள கோணத்தின் இருகூறாக்கி, சட என்னும் பக்கத்தைப் ப என்னும் புள்ளியில் வெட்டுவதாகக் கொள்வோம். ட வழியே கப-விற்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைந்து, நீட்டப்பட்ட சக-வை அது ந-விற் சந்திக்கச் செய்வோம். சமாந்தரத்தினால் ஒத்த கோணமும் ஒன்றுவிட்ட கோணமும் சமமாகையால், கநட என்னும் முக்கோணி இருசமபக்கமாகும்; எனவே கந = கட. சமாந்தரக்கோடு பக்கங்களை ஒரே விகிதத்திற் பிரிப்பதனால் சப : பட = சக : கந; அதாவது சக : கட. கோணம் பற்றிய செய்தி ஒன்று நீளம் பற்றிய செய்தியாக இங்கு மாறுகின்றது. தேற்றத்தின் வலிமை இம்மாற்றத்திலேயே தங்கியுள்ளது. யூக்கிளிட் அதனை எண்களிற் பயன்படுத்திக் காட்டவில்லை. அப்பணி சிரக்கூசு நகரத்து ஆர்க்கிமிடீசுக்கு உரியதாயிற்று.

2. ஆர்க்கிமிடீசின் நான்கு இருகூறிடல்கள்

ஆர்க்கிமிடீஸ் (கி.மு. 287 அளவில் – 212) இயற்றிய ‘வட்டத்தின் அளவீடு’ மூன்று கூற்றுகளை மாத்திரம் கொண்ட சிறு நூலாக நமக்குக் கிடைத்துள்ளது. வட்டத்தின் பரிதி விட்டத்தின் 3 1/7 மடங்கிலும் குறைந்தது, 3 10/71 மடங்கிலும் கூடியது என்பதே மூன்றாவது கூற்று. இம்முடிவு பலரும் அறிந்தது; அதனை அடைந்த வழி அத்துணை அறியப்பட்டதன்று.

வட்டமொன்றின் மையத்தை ம எனவும், வட்டத்திலுள்ள ஒரு புள்ளியைத் த எனவும் கொண்டு, த-விற் தொடலி வரைவோம். தொடலியில் வ என்னும் புள்ளியைத் தமவ என்னும் கோணம் 30 பாகையாகுமாறு எடுப்போம். வட்டத்தைச் சூழ வரையப்படும் ஒழுங்கான அறுகோணியின் அரைப்பக்கம் தவ ஆகும். தவ-வின் அளவை 153 எனக் கொள்ளின் மவ 306 ஆகும். ஆரையாகிய மத 265இலும் சற்றுக் கூடியது. இவ்வெண் 3இன் வர்க்கமூலத்திலிருந்து பெறப்படுவது.

இனி, மையக் கோணத்தின் இருகூறாக்கி தவ-வைப் ப-விற் சந்திக்கட்டும். யூக்கிளிட்டின் தேற்றப்படி வப : பத = மவ : மத. இதிலிருந்து மவ, மத ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கும் தவ-விற்கும் உள்ள விகிதமே மத-விற்கும் தப-விற்கும் உள்ள விகிதம் என்பது பெறப்படும். ஆகவே, கோணத்தை அரைவாசியாக்கும்போது தேவைப்படுவது ஒரு கூட்டலே: 306உம் 265உம் சேர்ந்து 571. புதிய செம்பக்கத்தைப் பைதகரஸ் தேற்றம் தருகின்றது. 571, 153 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 349450. அதன் வர்க்கமூலம் 591 1/8இலும் கூடியது. மீண்டும் இருகூறிட 571உம் 591 1/8உம் சேர்ந்து 1162 1/8 கிடைக்கும். இவ்வாறே மூன்றாம் முறை 2334 1/4உம், நான்காம் முறை 4673 1/2உம் பெறப்படுகின்றன.

நான்கு முறை இருகூறிடப்பட்டதும் அறுகோணி 96 பக்கங்களைக் கொண்ட பல்கோணியாகிவிடுகின்றது. அதன் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம், 96ஐ 153ஆற் பெருக்கிவரும் 14688க்கும் 4673 1/2க்கும் உள்ள விகிதத்திலுங் குறைவு. 14688இல் 4673 1/2 மூன்று முறை அடங்க எஞ்சுவது 667 1/2. இதன் ஏழு மடங்கு 4672 1/2. வகுக்கும் எண்ணிலும் ஒன்றே குறைவு. 3 1/7 என்னும் எல்லை இவ்வாறு மயிரிழையில் நிலைநாட்டப்படுகின்றது. கீழெல்லைக்காக வட்டத்தினுள்ளே வரையப்படும் பல்கோணிகளிலும் கோண இருகூறாக்கியே கையாளப்படுகின்றது.

இடமதிப்பு முறை இன்றி, எழுத்துகளையே எண்களாகக் கொண்ட கிரேக்கர் இத்தகைய வர்க்கமூலங்களைக் கணிப்பதற்கு மேற்கொண்டிருக்கக்கூடிய உழைப்பை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஆர்க்கிமிடீஸ் இறந்து ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின் எழுதிய புளூட்டாக்கு, அவர் பொறிகளையும் பயன்கருதிய கலைகளையும் இழிவாக மதித்தார் எனச் சித்திரிக்கின்றார். அடிமை உழைப்பின்மீது எழுந்த சமுதாயத்தில், கைவேலையை இகழ்ந்த மேட்டுக்குடியினரின் மனப்பாங்கை இச்சித்திரம் பிரதிபலிக்கின்றது எனலாம். ஆனால் ‘வட்டத்தின் அளவீடு’ வேறொரு மனிதரைக் காட்டுகின்றது. தேற்றமும் கணிப்பும் அங்கு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அம்முடிவு ஏட்டிலே தங்கிவிடவும் இல்லை. பரப்பும் கனவளவும் அளக்கும் முறைகளைத் தொகுத்த அலெக்சாந்திரியாவின் ஹெரோன், வட்டத்திற்கு 22/7 என்னும் விகிதத்தையே கையாண்டார்.

3. தொலமி எதிர்கொண்ட தடை

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வானியல் ஆராய்ந்த தொலமிக்குக் கோள்களின் நிலையைக் கணிப்பதற்கு நாண்களின் அட்டவணை வேண்டியிருந்தது. விட்டத்தை 120 கூறுகளாகக் கொண்டு, அரைப்பாகை தொடக்கம் 180 பாகை வரை அரைப்பாகை இடைவெளியில் 360 நாண்களின் நீளங்களை அவர் தந்தார். ஐங்கோணியிலிருந்து 72 பாகையின் நாணும், அறுகோணியிலிருந்து 60 பாகையின் நாணும் கிடைத்தன. வித்தியாசத்தால் 12 பாகையும், தொடர்ந்து இருகூறிடுவதால் 6, 3, 1 1/2, 3/4 பாகைகளும் கைவரப்பெற்றன. ஆயின் ஒரு பாகை இவ்வழியிற் சிக்கவில்லை. ஒன்றரைப் பாகையிலிருந்து அரைப்பாகையைப் பெறக் கோணத்தை மூன்றாகப் பிரித்தல் வேண்டும். இருகூறாக்கி அதற்கு உதவாது.

இரு வில்களுள் பெரிய வில்லின் நாணுக்கும் சிறிய வில்லின் நாணுக்கும் உள்ள விகிதம், அவ்வில்களின் விகிதத்திலுங் குறைவானது என்னும் சமனிலியைக் கொண்டு தொலமி இத்தடையைக் கடந்தார். 3/4 பாகையின் நாண் மேலெல்லையையும் 1 1/2 பாகையின் நாண் கீழெல்லையையும் தர, தமக்கு வேண்டிய திருத்தத்தில் இரண்டும் ஒன்றாயிருந்தமையால், ஒரு பாகையின் நாணை 1 கூறு, 2 அறுபதின்கூறு, 50 மூவாயிரத்தறுநூற்றின்கூறு என அவர் நிர்ணயித்தார். அச்சமனிலியின் நிறுவலும் ஒரு முக்கோணியின் கோண இருகூறாக்கியுடனேயே தொடங்குகின்றது. நேர்வழியிற் பயன்படாத கருவி சுற்றுவழியிற் பயன்பட்டது.

4. கீழைத் தேயங்களில்

இருகூறிடல் கிரேக்கருக்கு மாத்திரம் உரிய உடைமையன்று. கி.பி. 263இற் சீனத்தின் வெய் இராச்சியத்தில் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்னும் கணிதநூலுக்கு உரை வகுத்த லியூ ஹுய், அறுகோணியில் தொடங்கி 12, 24, 48, 96, 192 எனப் பக்கங்களை இரட்டித்துச் சென்றார். அவர் விகிதத் தேற்றத்தை நாடாது செங்கோண முக்கோணிகளையே கையாண்டார். ஆயினும் செயலின் சாரம் ஒன்றே.

இந்திய வானியலறிஞர் முழுநாணுக்குப் பதிலாக அரைநாணைக் கொண்டனர். நாணும் இரு ஆரைகளும் ஆக்கும் இருசமபக்க முக்கோணியில் உச்சிக்கோணத்தின் இருகூறாக்கி நாணைச் செங்குத்தாக இருசமகூறிடும்; அவ்வரைநாணே ‘ஜ்யா’. வில்லின் நாண் என்பதே இச்சொல்லின் மூலப்பொருள். அரபு மொழிக்குச் சென்று, பின் இலத்தீனிற் பிழையாகப் பெயர்க்கப்பட்டு, ‘சைன்’ என்னும் பெயராக இது மீண்டும் நம்மிடம் வந்துள்ளது. கி.பி. 499ஐத் தம் நூலிற் குறிப்பிடும் ஆரியபடர், கால்வட்டத்தை 24 கூறுகளாக்கினார். ஒவ்வொரு கூறும் 225 கலை; அதாவது 3 3/4 பாகை. 30 பாகையை மும்முறை இருகூறிடக் கிடைக்கும் கோணமும் இதுவே. தொலமியைத் தடுத்த எல்லைக்கு இப்பால், இருகூறிடல் எட்டுமிடத்தில் இவ்வட்டவணை அமைந்திருத்தல் நோக்கற்பாலது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரரின் ‘பஞ்சசித்தாந்திகை’ அரைக்கோணத்தின் ஜ்யாவைக் காணும் விதியைத் தெளிவாக உரைக்கின்றது.

5. எல்லை பற்றிய அறிவு

தொலமி சுற்றிச் சென்ற தடை அவருடைய திறமைக் குறைவால் நேர்ந்ததன்று என்பது 1837இலேயே நிறுவப்பட்டது. பிரான்சு நாட்டவரான பியர் வாண்ட்செல், வரைகோலும் கவராயமும் இருபடிச் சமன்பாடுகளையும் அவற்றின் தொடர்களையுமே தீர்க்கவல்லன என்றும், கோணத்தை மூன்றாகப் பிரித்தல் பொதுவாக அவ்வாறு குறுக்கவியலாத முப்படிச் சமன்பாட்டுக்கு இட்டுச்செல்லும் என்றும் காட்டினார். 60 பாகைக் கோணத்தை இக்கருவிகளால் மூன்றாகப் பிரிக்கவியலாது. ஒரு பாகையை வரைய முடியுமாயின் 20 பாகையையும் வரையலாம். ஆகவே ஒரு பாகையும் வரையவியலாததே. ஒரு கருவியை இறுதிவரை பயன்படுத்தியோரின் உழைப்பே அக்கருவியின் எல்லையை வினாவாக்கியது; அவ்வினா புதிய இயற்கணிதத்தை வேண்டி நின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? நிறுவல் மேலைத் தேயத்தவர்க்கும் கணிப்பு கீழைத் தேயத்தவர்க்கும் உரியன எனக் கூறுபோடுவது சான்றுகளுக்கு ஒவ்வாது. சிரக்கூசின் ஆர்க்கிமிடீசும் எண்களோடு போராடினார். வெய் இராச்சியத்து லியூ ஹுயும் தம் முறைக்குக் காரணங் கூறினார். அவ்வாறே, தேற்றத்தை அதன் தேவையினின்றும் பிரித்துக் கற்பிப்பது அறிவையும் உழைப்பையும் பிரித்த பழைய மனப்பாங்கை வகுப்பறையிலே தொடரச் செய்வதாகும். விகிதத் தேற்றத்தின் நிறுவலை எழுதி முடித்த மாணவனிடம் 265, 306 என்னும் இரு எண்களைக் கொடுத்து நான்கு முறை இருகூறிடச் செய்வோமாயின், 3 1/7 எங்கிருந்து வந்தது என்பதை அவன் தன் கையாலேயே கண்டுகொள்வான். அதற்கு வேண்டியவை ஒரு தாளும் ஒரு பிற்பகலுமே.