காரீயமும் வெள்ளீயமும்

ஈயம் என்னும் ஒரே பெயரால் இரண்டு உலோகங்களை அழைப்பது நம்மவர் வழக்கம். ஒன்று வெள்ளீயம், பாத்திரங்களுக்குப் பூசுவதும், ரசச் சொம்பு செய்வதும் இதுவே. மற்றொன்று காரீயம், அஃதோ நஞ்சு. பெயர் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றே என்றெண்ணுதல் பேதைமையாகும்.

கோலாலம்பூர் வெள்ளீயத்தால் உண்டான நகரம். 1857-ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றின் வழியே வந்து, கோம்பாக் கலக்குமிடத்தில் கரையேறி, அம்பாங் சென்றனர். 1881-இல் தீயும் வெள்ளமும் குடிசைகளை அழித்தபின் செங்கற் கட்டடங்கள் எழும்பின. சூளைகளிருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். ரயில்வேயில் உழைத்த தமிழர் பலர் அங்கே குடியமர்ந்தனர்.

நகரங்கள் வளரவே குழாய்த் தண்ணீர் வந்தது. உலகெங்கும் நெடுங்காலம் செப்புக் குழாய்களை இணைத்த பற்றாசு எதனாலானது? வெள்ளீயத்தோடு காரீயமுங் கலந்தே. நன்மை செய்யும் உலோகத்தோடு நஞ்சும் வீட்டிற்குள் நுழைந்ததென்க.

இத்தீங்கு புதிதன்று. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே ரோமானியச் சிற்பி விட்ருவியஸ், ஈயத் தொழிலாளரின் வெளுத்த மேனியைச் சுட்டி, மண்குழாயே நன்றென்றார். எனினும் உலகம் கேட்கவில்லை. 2014-இல் அமெரிக்காவின் பிளின்ட் நகரத்தார், சிக்கனங் கருதி ஆற்று நீருக்கு மாறி, அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்க்காது விட்டனர். பழங்குழாய்களின் காரீயம் நீரிற் கரைந்தது. 2015-இல் ஹாங்காங்கின் புதிய குடியிருப்புகளிலேயே பற்றாசினால் நீர் கெட்டது. ஆகவே, புதுவீடென்பது மட்டும் காப்பாகாது.

நீரிற் கரைந்த காரீயத்திற்கு நிறமில்லை, மணமில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை. மலேசியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்னும் வரம்பை விதித்துள்ளது.

நம் தாய்மார்கள் தண்ணீரைக் காய்ச்சினால் எல்லாத் தீமையும் நீங்குமென்று நம்புகிறார்கள். கிருமி சாகும், காரீயம் சாகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஆதலின் இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைக் காலையிற் சிறிது நேரம் ஓடவிடுக. சமையலுக்குச் சுடுநீர்க் குழாயை நாடாதீர். ஐயமிருப்பின் நீரைச் சோதிப்பிக்க.

பிள்ளை மந்தமாயிருந்தால் தலைவிதி என்று சாற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. விதியை நோவதற்குமுன் குழாயைப் பாருங்கள். பிள்ளையின் இரத்தத்தையும் சோதிக்கச் செய்யுங்கள். விதியை மாற்றுவார் எவருமிலர், குழாயை மாற்றலாம்.