ஸ்டென்ட் முதல் ஸ்கேன் வரை: இந்திய மருத்துவச் சந்தைக்கு வெளிநாட்டு கம்பெனிகள் படையெடுப்பது ஏன்? நார்த்தாமலை நோயாளிக்கு இதில் என்ன இருக்கு?

திருச்சியில் இருந்து புதுக்கோட்டை போகும் ரோட்டில், புதுக்கோட்டைக்கு சுமார் 17 கி.மீ முன்னாடி வரும் ஊர் நார்த்தாமலை. அங்கே ஒருவருக்கு நடுராத்திரியில் நெஞ்சுவலி வந்தால் என்ன நடக்கும்? 108-க்கு போன் போகும். ஆம்புலன்ஸ் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ விரையும். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பார்கள், மானிட்டர் மாட்டுவார்கள், தேவைப்பட்டால் ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைப்பார்கள்.

அந்த மெஷின்களில் பலவும் வெளிநாட்டில் இருந்து வந்தவை. இந்தியாவுக்குத் தேவைப்படும் மருத்துவக் கருவிகளில் 70 முதல் 80 சதவீதம் வரை இறக்குமதிதான் என்பது இத்துறையில் பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. ஆக, வெளிநாட்டு கம்பெனிகளின் வியாபாரம் என்பது ஏதோ டெல்லி, மும்பை விவகாரம் இல்லை. நார்த்தாமலைக்காரரின் ஆஸ்பத்திரி பில்லிலும் அது இருக்கிறது.

நார்த்தாமலைக்கு வெளிநாட்டு வணிகம் புதுசும் இல்லை. விஜயாலய சோழீஸ்வரம் இருக்கும் இந்த ஊர், சோழர் காலத்தில் நானாதேசி வணிகக் குழுவினரின் முக்கிய மையமாக இருந்தது. 'நகரத்தார் மலை' என்பதே மருவி நார்த்தாமலை ஆனது என்றும் சொல்வார்கள்.

சந்தை எவ்வளவு பெரியது?

நிதி ஆயோக் 2021 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, இந்திய மருத்துவத்துறை 2016-ல் இருந்து ஆண்டுக்கு சுமார் 22 சதவீதம் வளர்வதாகவும், 2022-ல் 372 பில்லியன் டாலரைத் தொடும் என்றும் கணித்தது. மருத்துவக் கருவிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 11 பில்லியன் டாலராக இருந்த சந்தையை 2030-க்குள் 50 பில்லியன் டாலராக உயர்த்துவதே 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய மருத்துவக் கருவிகள் கொள்கையின் இலக்கு.

காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் அதிகமாகிறது. முதியவர்கள் எண்ணிக்கை கூடுகிறது. அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்த பிறகு, முன்பு செலவுக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்களும் இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

வெளிநாட்டு கம்பெனிகள் எந்த வழியில் உள்ளே வரலாம்?

*ஆஸ்பத்திரி:* 2000-ம் ஆண்டில் இருந்தே மருத்துவமனைகளில் 100 சதவீதம் அந்நிய முதலீடு செய்யலாம். அரசிடம் முன் அனுமதி தேவையில்லை. மலேசியாவின் ஐஎச்எச் நிறுவனம் 2018-ல் 4,000 கோடி ரூபாய் போட்டு ஃபோர்டிஸ் மருத்துவமனைகளின் 31.1 சதவீத பங்கை வாங்கியது. சென்னை பெரும்பாக்கத்தில் உள்ள கிளெனீகிள்ஸ் மருத்துவமனையும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததுதான். சிங்கப்பூரின் டெமாசெக், மணிப்பால் குழுமத்தில் தன் பங்கை 2023-ல் 59 சதவீதமாக உயர்த்திக்கொண்டது.

*மருத்துவக் கருவிகள்:* 2015-ல் இருந்து இங்கும் 100 சதவீத முதலீட்டுக்கு முன் அனுமதி வேண்டாம். புது ஃபேக்டரி கட்டலாம், இருக்கும் கம்பெனியையும் வாங்கலாம்.

*மருந்து:* புது ஆலை என்றால் 100 சதவீதம். ஏற்கெனவே இயங்கும் இந்திய மருந்து கம்பெனியை வாங்குவதாக இருந்தால் 74 சதவீதம் வரை நேரடியாக வாங்கலாம். அதற்கு மேல் போனால் மத்திய அரசின் அனுமதி கட்டாயம்.

*இன்சூரன்ஸ்:* 26 சதவீதமாக இருந்த உச்சவரம்பு 2015-ல் 49, 2021-ல் 74 என உயர்ந்தது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 100 சதவீதமாக்கும் அறிவிப்பும் வந்தது.

தமிழ்நாட்டில் என்ன வாய்ப்பு?

இங்கே பெரிய வாடிக்கையாளர் அரசுதான். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்து, கருவிகளை டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மையங்களையும் நடத்துகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாக வாங்காமல் மாநிலம் முழுக்க ஒரே இடத்தில் வாங்குவதால் விலை குறைகிறது. கம்பெனிக்கு லாபம் குறைவு என்றாலும் ஆர்டர் பெரிசு.

இறக்குமதியைக் குறைக்க, மத்திய அரசு மருத்துவக் கருவிப் பூங்காக்களுக்குத் தலா 100 கோடி ரூபாய் வரை தரும் திட்டத்தில் தமிழ்நாட்டையும் தேர்வு செய்தது. காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் சிப்காட் மூலம் சுமார் 350 ஏக்கரில் இந்தப் பூங்கா அமைகிறது. வெளிநாட்டு கம்பெனிகளும் இங்கே ஃபேக்டரி போடலாம். கருவிகளை இங்கேயே தயாரித்தால் விற்பனைக்கு ஏற்ப ஊக்கத்தொகை தர, 3,420 கோடி ரூபாயில் தனித் திட்டமும் 2020-ல் அறிவிக்கப்பட்டது.

இன்னொரு வழி கடனுதவி. மதுரை எய்ம்ஸ் திட்டச் செலவான 1,977.8 கோடி ரூபாயில் பெரும்பகுதி ஜப்பானின் ஜைகா தரும் கடன். தமிழக மருத்துவத்துறை சீர்திருத்தத்துக்கு உலக வங்கி 2019-ல் 287 மில்லியன் டாலர் கடன் ஒப்புதல் தந்தது. இப்படிக் கட்டடம் எழும்பும் இடங்களில் எல்லாம் கருவிகளுக்கும் தேவை பிறக்கும்.

அப்போ, நினைத்தவுடன் வந்து விற்றுவிட முடியுமா?

முடியாது. முக்கியமான நான்கு தடைகளைத் தாண்ட வேண்டும்.

1. *லைசென்ஸ்:* மருத்துவக் கருவிகள் ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகை. தெர்மாமீட்டருக்கும் ஸ்டென்டுக்கும் ஒரே விதி கிடையாது. இறக்குமதி செய்ய மத்திய மருந்து தரக்கட்டுப்பாட்டு அமைப்பின் லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டு கம்பெனி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் இருக்க வேண்டும்.

2. *டெண்டர்:* 200 கோடி ரூபாய் வரையிலான மத்திய அரசுக் கொள்முதலுக்கு உலகளாவிய டெண்டர் விடக்கூடாது என 2020-ல் விதி வந்தது. இங்கே கிடைக்காத சில கருவிகளுக்கு விலக்கு உண்டு.

3. *எல்லை நாடுகள்:* இந்தியாவுடன் நில எல்லை உள்ள நாடுகளின் முதலீட்டுக்கு அரசு அனுமதி கட்டாயம் என 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதிகம் பாதிக்கப்பட்டது சீன கம்பெனிகள்.

4. *விலைக் கட்டுப்பாடு:* வெளிநாட்டு கம்பெனிகள் அதிகம் முணுமுணுப்பது இதற்குத்தான்.

ஸ்டென்ட் விலையில் நடந்தது என்ன?

2017 பிப்ரவரிக்கு முன்பு, மருந்து தடவிய ஸ்டென்ட் ஒன்றின் சராசரி எம்.ஆர்.பி. சுமார் 1.21 லட்சம் ரூபாய். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதை 29,600 ரூபாயாகவும், சாதாரண உலோக ஸ்டென்டின் விலையை 7,260 ரூபாயாகவும் நிர்ணயித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் செயற்கை மூட்டு விலைக்கும் உச்சவரம்பு வந்தது. இறக்குமதியாகும் விலைக்கும் நோயாளி கட்டும் விலைக்கும் நடுவே விநியோகஸ்தர், ஆஸ்பத்திரி என பல கைகளில் லாபம் போனதே இந்த நடவடிக்கைக்குக் காரணம்.

இதற்கு எதிர்வினையாக, சில அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் உயர்ரக ஸ்டென்ட்களை இந்தியச் சந்தையில் இருந்து திரும்பப் பெற அனுமதி கேட்டன. புதிய தொழில்நுட்பத்துக்கு உரிய விலை இல்லை என்பது அவர்கள் வாதம். மாரடைப்பு வந்த நேரத்தில் பேரம் பேசும் நிலையில் நோயாளி இல்லை என்பது அரசுத் தரப்பு வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. விலை மிகவும் குறைந்தால் புதிய கருவி வராமல் போகலாம். விலை கட்டுப்பாடே இல்லை என்றால் கருவி வந்தும் ஏழைக்குக் கிடைக்காது.

நோயாளிக்கு என்ன பயன்? என்ன கவனிக்க வேண்டும்?

தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையில் இருந்து கட்டும் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதம். 2021-22-ல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. ஆனாலும் 100 ரூபாய் செலவில் சுமார் 40 ரூபாய் இன்னும் குடும்பத்தின் பாக்கெட்டில் இருந்துதான் போகிறது. வெளிநாட்டு முதலீடு பெருநகரங்களில் பெரிய ஆஸ்பத்திரிகளையே அதிகம் தேடிப் போகிறது என்பதும் உண்மை. 2017-ல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மாதிரியான இடங்களை நம்பித்தான் சுற்றுவட்டார கிராமங்கள் இருக்கின்றன.

குடும்பத்தினர் ஞாபகத்தில் வைக்க வேண்டியவை:

• ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். உதவி எண்: 1800 425 3993.

• ஸ்டென்ட் வைத்தால், அதன் விலை, பிராண்ட், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றை ஆஸ்பத்திரி பில்லில் தனியாகக் காட்ட வேண்டும். 'பேக்கேஜ்' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

• உச்சவரம்பு விலை ஆண்டுதோறும் ஏப்ரலில் திருத்தப்படும். இப்போதைய விலையை 'பார்மா சஹி தாம்' ஆப்பில் பார்க்கலாம்.

• 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருத்துவக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. பழைய வரியைப் போட்டு யாராவது பில் கொடுத்தால் கவனியுங்கள்.

மொத்தத்தில், வெளிநாட்டு கம்பெனிகளுக்கு இந்தியா பெரிய சந்தைதான். ஆனால் குறைந்த லாபத்தில் நிறைய பேருக்கு விற்கத் தெரிந்தவர்களுக்கே இங்கே இடம். அவர்கள் கொண்டுவரும் கருவி, சென்னையைத் தாண்டி புதுக்கோட்டை வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் நார்த்தாமலைக்காரருக்கு அதனால் பயன்.